உங்களுக்குத் தெரியுமா? பல வகை கலந்த நாவலை யார் வாங்குவார்?

பேய், கொலை, காதல், அரசியல் நான்கையும் ஒரே நாவலில் எழுதி முடித்தவர் அதைத் தூக்கிக்கொண்டு எந்தப் பதிப்பகத்தின் படியேறுவது? இந்த வாரத் துணுக்குகள் இந்தக் கேள்வியைச் சுற்றியே. விடை தேடி லண்டன் வரை போய்வர வேண்டியிருந்தாலும் கதை தொடங்குவது கொழும்பில்தான்.

● 2022ஆம் ஆண்டின் புக்கர் பரிசை வென்ற நாவலின் நாயகன், கதை தொடங்கும்போதே இறந்து போனவன். ஷெஹான் கருணாதிலக எழுதிய 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா' 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. மாலி ஒரு போர்ப் புகைப்படக்காரன், சூதாடி, ஆண்களைக் காதலிப்பதை ஊருக்கு மறைத்து வாழ்ந்தவன். கண் விழிக்கும்போது விசா அலுவலகம் மாதிரியான ஒரு மறுவுலக வரிசையில் நிற்கிறான். தன்னைக் கொன்றவர் யாரென்று அவனுக்கே தெரியாது. கண்டுபிடிக்கவும், தான் ஒளித்து வைத்த புகைப்படங்களை உரியவர்களின் கையில் சேர்க்கவும் அவனுக்குக் கிடைப்பது ஏழு நிலாக்கள், அதாவது ஏழு இரவுகள். பேய்க்கதை, துப்பறியும் கதை, அரசியல் அங்கதம், காதல் கதை, போர்க்கால வரலாறு என்று ஐந்து வகை ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. முழு நாவலும் 'நீ' என்ற முன்னிலையில் சொல்லப்படுகிறது.

● அந்த மறுவுலகில் மாலிக்கு வழிகாட்ட வரும் டாக்டர் ராணி ஒரு தமிழ்ப் பேராசிரியை. 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட டாக்டர் ரஜனி திராணகமவின் நினைவில் உருவான பாத்திரம் அது. மாலியிடமோ, 1990 பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் றிச்சர்ட் டி சொய்சாவின் சாயல் தெரிகிறது. நம்மில் பலர் உறவினரை, அயலவரை, ஆசிரியரை இழந்த ஆண்டுகள் இவை. அந்த ஆண்டுகளை ஒரு பேய்க்கதையாக எழுதலாம் என்று துணிந்ததே பெரிய காரியம் என்பது என் எண்ணம். இறந்தவர்களுக்கு வாய் கொடுக்கப் பேய்க்கதையை விடப் பொருத்தமான வடிவம் எது?

● இதே நாவலுக்கு மூன்று பெயர்கள் இருந்தன என்பது தெரியுமா? 'டெவில் டான்ஸ்' என்ற கையெழுத்துப் பிரதியாக இலங்கையின் ஆங்கில எழுத்துக்கான கிரேஷியன் பரிசின் 2015ஆம் ஆண்டுக் குறும்பட்டியலில் இடம்பிடித்தது. 2020இல் இந்தியாவின் பென்குவின் அதை 'சாட்ஸ் வித் த டெட்' என்று வெளியிட்டது. மேற்கு நாடுகளில் விற்க முயன்றபோதுதான் கதவுகள் மூடிக்கொண்டன. இலங்கை அரசியல் வெளியாருக்குப் புரியாது, குழப்பமாக இருக்கிறது என்பது பெரும்பாலான பதிப்பகங்கள் சொன்ன காரணம். கடைசியில் லண்டனின் 'சோர்ட் ஒஃப் புக்ஸ்' அதை எடுத்துக்கொண்டது. மார்க் எலிங்ஹம், நட்டானியா ஜான்ஸ் என்னும் இருவர் நடத்தும் மிகச் சிறிய பதிப்பகம் அது. கொவிட் காலத்தில் வெளியீடு தள்ளிப்போக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆசிரியரும் பதிப்பாளரும் அமர்ந்து திருத்தினார்கள். இலங்கையின் கட்சிகளையும் இயக்கங்களையும் மறுவுலகத்தின் விதிகளையும் அறியாத வாசகரும் வழி தவறாமல் நடக்கும்படி கதையைச் சீரமைத்தார்கள். கலப்பைக் கலைக்கவில்லை. பேயும் கொலையும் அரசியலும் அப்படியே இருந்தன. உள்ளே நுழையும் வாசல் மட்டும் ஒன்றே: கொன்றது யார்?

கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் துணுக்கை மறுபடி ஒருமுறை படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வகை பல இருக்கலாம். வாசகர் கையைப் பிடித்து இழுத்துச் செல்லும் கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும்.

● 2022 ஒக்டோபர் 17 அன்று பரிசு பெற்ற மேடையில் கருணாதிலக ஒரு விருப்பத்தைச் சொன்னார். ஊழலும் இனவாதமும் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டும் அரசியலும் உதவாதவை என்று புரிந்துகொண்ட ஓர் இலங்கையில் இந்தப் புத்தகம் ஒருநாள் வாசிக்கப்பட வேண்டும், அப்போது கடைகளில் இது கற்பனைக் கதைகளின் தட்டில் இருக்க வேண்டும், யதார்த்த நாவலென்றோ அரசியல் அங்கதமென்றோ யாரும் தவறாக எண்ணக்கூடாது என்பது அதன் சாரம். தமிழிலும் சிங்களத்திலும் சில வார்த்தைகள் பேசினார். எந்தத் தட்டில் வைப்பது என்று தெரியாமல் பதிப்பாளர்கள் தயங்கிய புத்தகத்தின் ஆசிரியர், தனக்கான தட்டைத் தானே கேட்டு வாங்கிய தருணம் அது.

● கிரேஷியன் பரிசின் மூலதனம் எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு புக்கர் பணம். 1992இல் 'த இங்கிலிஷ் பேஷண்ட்' நாவலுக்காக அந்தப் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர். பரிசுப் பணத்தைக் கொண்டு இலங்கையில் வாழ்ந்து ஆங்கிலத்தில் எழுதுவோருக்காக இதை நிறுவினார். அச்சான நூல்களோடு அச்சாகாத கையெழுத்துப் பிரதிகளையும் ஏற்பது இதன் தனிச்சிறப்பு. வகை கலந்த நாவலுக்கு இது பெரிய வரம். நடுவர்களுக்குத் தட்டுக் கவலை கிடையாது. எழுத்தைப் பார்த்தால் போதும்.

● அதே கருணாதிலகவின் முதல் நாவல் 'சைனாமன்' 2008ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசைக் கையெழுத்துப் பிரதியாகவே வென்றது. அப்படியிருந்தும் 2010இல் அவர் அதைத் தம் செலவில்தான் கொழும்பில் வெளியிட்டார். குடித்துக் கல்லீரல் கெட்ட ஓய்வுபெற்ற விளையாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், பிரதீப் சிவநாதன் மத்தியூ என்ற காணாமற்போன சுழற்பந்து வீச்சாளரைத் தேடிப் போகும் கதை. துப்பறியும் கதைக்குள் கிரிக்கெட் வரலாறும் இனப்பிரச்சினையும் கலந்திருந்தன. பின்னர் இந்தியப் பதிப்பும் பிரித்தானியப் பதிப்பும் வந்தன. 2012இல் தெற்காசிய இலக்கியத்துக்கான டிஎஸ்சி பரிசும் பொதுநலவாய நூல் பரிசும் கிடைத்தன. சொந்தக் காசில் புத்தகம் போடுவது நம் தமிழ் எழுத்தாளர்களுக்கு மட்டும் வாய்த்த தலையெழுத்து என்று நினைப்பவர்களுக்கு இந்தத் தகவல் ஆறுதலாக இருக்கும்.

● தட்டு, தட்டு என்கிறோமே, அது வெறும் பேச்சல்ல. அமெரிக்கப் பதிப்புலகில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 'பைசாக்' எனும் பொருட்குறியீடு கொடுக்கப்படுகிறது. மர்மத்துக்கு ஒன்று, திகிலுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, அறிவியல் புனைவுக்கு ஒன்று. 2013இல் பல நாடுகளுக்கும் பொதுவாக 'தீமா' என்ற வகைப்பாடு வந்தது. ஒரு நூலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடுகள் தரலாம். ஆனால் முதலாவதாகக் கொடுப்பதைப் பார்த்துத்தான் கடைக்காரர் தட்டைத் தீர்மானிக்கிறார், இணையக் கடை பட்டியலைத் தீர்மானிக்கிறது. பதிப்பாசிரியருக்கு நாவல் பிடித்திருக்கும். விற்பனைப் பிரிவு "இதன் முதல் குறியீடு என்ன?" என்று கேட்கும். பல கலப்பு நாவல்கள் தோற்பது அந்த இரண்டாவது அறையில்தான்.

● டயானா கபால்டனின் 'அவுட்லாண்டர்' 1991இல் வந்தது. காலப்பயணம், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்து, போர், காதல் எல்லாம் உண்டு. பதிப்பகம் காதல் நாவலாக விற்றது; அந்த வகையின் பெரிய விருதும் கிடைத்தது. டேவிட் மிச்சலின் 'கிளவுட் அட்லஸ்' (2004) வேறு மாதிரி. புக்கர் குறும்பட்டியலிலும் அறிவியல் புனைவுக்கான நெபுலா, ஆர்தர் சி. கிளார்க் விருதுகளின் இறுதிப் பட்டியல்களிலும் ஒரே புத்தகம் இருந்தது. இந்தக் கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்தவர், பொரளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர் என்பது கூடுதல் செய்தி.

● இப்போது நம் வீட்டுக் கதை. இலங்கையில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவலே ஒரு கலப்பு நாவல்! கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞரும் 'முஸ்லிம் நேசன்' ஆசிரியருமான சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' எகிப்திலும் இந்தியாவிலும் நிகழ்கிறது. களவு போன குழந்தை, மறைந்த பிறப்பு, சாகசம், காதல், ஒழுக்க போதனை எல்லாம் அதில் உண்டு. 1891இல் திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி தந்த 'ஊசோன் பாலந்தை கதை' ஐரோப்பிய வீரக்கதை ஒன்றின் தழுவல். அதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் எழுதிய 'மோகனாங்கி' நாயக்கர் கால அரசியல் சூழ்ச்சியையும் காதலையும் இணைத்தது. 'மர்மமா, வரலாறா, காதலா, முதலில் அதைச் சொல்' என்று அன்று இவர்களை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

● 1930இல் தொடங்கிய 'வீரகேசரி', கொட்டாஞ்சேனையை அடுத்த கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவந்த நாளிதழ். அதன் ஆசிரியராயிருந்த எச். நெல்லையா தொடர்கதைகளும் எழுதினார். 'காந்தாமணி அல்லது தீண்டாமைக்குச் சாவுமணி', 'சோமாவதி அல்லது இலங்கை இந்தியர் நட்பு' என்று இரட்டைத் தலைப்பு வைத்தார். முதற்பாதி காதலையும் மர்மத்தையும் தேடி வருபவருக்கு. மறுபாதி சமூகச் சீர்திருத்தத்தை நாடுபவருக்கு. இரண்டு வாசகர்களையும் ஒரே தலைப்பில் அழைக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. இன்று வெளிநாட்டு இலக்கிய முகவர்கள் "இன்னின்ன இரண்டு நாவல்கள் சந்தித்தது போல" என்று எழுதச் சொல்லிக்கொடுக்கும் வித்தையின் நம்மூர் வடிவம் இது.

● 1970களின் தொடக்கத்தில் தென்னிந்திய சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர்ப் புத்தகங்களுக்கு வழி திறந்தது. வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் நாவல்களை வெளியிட்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' போன்றவை அப்படி வந்தவை. 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாகவும் ஆயிற்று. அதே நிறுவனத்தின் மாலைப் பத்திரிகையான 'மித்திரன்' மர்மத் தொடர்களுக்குப் பெயர்போனது. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி வீடுகளில் அந்தத் தாள் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோகும் வரை வாசிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகை பதிப்பாளராக இருந்த காலத்தில் கலப்பு ஒரு தடையாகவே இருக்கவில்லை. பத்திரிகைக்குத் தட்டு கிடையாது. அடுத்த இதழை வாங்க வைக்கிறதா என்பதே ஒரே அளவுகோல். சென்னையிலும் அதுதான் நடந்தது. 'குமுதம்' 1981இல் தொடராக வெளியிட்ட சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' பேயா விஞ்ஞானமா என்று வாசகரைக் கடைசிவரை தவிக்க விட்டது. இந்திரா சௌந்தர்ராஜன் சித்தர்களையும் கோயிலையும் குற்றத்தையும் ஒன்றாக்கிப் பல ஆண்டுகள் எழுதினார். தொடர்கதை சுருங்கி, நூலும் விருதும் முதன்மையான பிறகுதான் தீவிர இலக்கியம் ஒரு பக்கம், ஜனரஞ்சகம் மறுபக்கம் என்ற வேலி உயர்ந்தது. அந்த வேலியால் இழப்பு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன். போரைப் பற்றிய நம் நாவல்களில் பெரும்பாலானவை யதார்த்தம் என்ற ஒரே தட்டில் குவிந்திருப்பதற்கும் அது ஒரு காரணம்.

● எல்லாரும் அந்தத் தட்டில் அடங்கிவிடவில்லை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) பிரான்ஸில் புகலிடம் கோரும் விண்ணப்பம் ஒன்றோடு தொடங்குகிறது. நாவலுக்குள் அடிக்குறிப்புகள் வருகின்றன. அவருடைய 'பாக்ஸ் கதைப்புத்தகம்' 2015இல் சென்னையின் கருப்புப் பிரதிகள் வெளியீடாக வந்தது. இங்கும் கதவைத் திறந்தது சிறு பதிப்பகம்தான் என்பதைக் கவனியுங்கள்.

● அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் உலகில் மிகவும் மதிக்கப்படும் விருதுகளில் ஒன்றான நெபுலாவை 2024இல் சிறந்த நாவலுக்காக வென்றவர் கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர. நாவலின் பெயர் 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்'. பிறந்தவுடன் தாய் தன் நிழலைப் பிய்த்தெறிந்த பிள்ளை, மகானாகிவிட்ட தந்தையைக் கொல்வதற்காகவே வளர்க்கப்படுகிறான். பௌத்தப் பழங்கதையின் அடித்தளத்தில் இனக்கலவரம், அடையாள அட்டை, கொள்ளைநோய், அகதி முகாம் எல்லாம் எழுகின்றன. யுதஞ்ஜய விஜேரத்ன வந்த வழி இன்னொன்று: கொழும்பில் தரவு ஆய்வாளராக இருந்தவர் 'நம்பர்காஸ்ட்' நாவலை 2017இல் தாமே வெளியிட்டார். அது வாசகரைச் சேர்த்த பிறகு ஹார்ப்பர்கொலின்ஸ் இந்தியா தேடி வந்தது.

● வெள்ளவத்தை எழுத்தாளரின் நூல் எப்படி வெளிவருகிறது? பெரும்பாலும் எழுதியவரே அச்சுச் செலவை ஏற்கிறார். சில நூறு பிரதிகள். பிறகு 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் வெளியீட்டு விழா. 1942இல் தோன்றிய சங்கம் அது. விழாவில் முதற்பிரதியை ஒரு புரவலர் பெற்றுக்கொள்வார். புரவலர் ஹாசிம் உமர் பெற்ற முதற்பிரதிகளைச் சேர்த்தால் ஒரு நூலகமே வைக்கலாம். முதல் நூல் போட வழியில்லாதவர்களுக்காக அவர் தொடங்கிய 'புரவலர் புத்தகப் பூங்கா'வும் உண்டு. கையொப்பமிட்ட பிரதியை வாங்க உறவினரும் நண்பரும் உறையில் பணம் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையில் யாரும் "இது எந்த வகை?" என்று கேட்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். லண்டன் எழுத்தாளரைத் தடுக்கும் விற்பனைப் பிரிவு நமக்கு இல்லை. விரும்பிய கலப்பை எழுத நமக்குள்ள சுதந்திரம் பெரிது. அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

● மறுபக்கமும் உண்டு. விழா முடிந்ததும் மிச்சப் பிரதிகள் வீட்டுக் கட்டிலுக்கடியில் போய்ச் சேருகின்றன. அங்கேதான் பதிப்பகத்தின் தேவை வருகிறது. வெள்ளவத்தை 36ஆம் ஒழுங்கையில் குமரன் புத்தக இல்லம் இருக்கிறது. சென்னை வடபழனியிலும் அதற்கு இடம் உண்டு. காலி வீதியிலும் செட்டியார்தெருவிலும் பூபாலசிங்கம் புத்தகசாலை, பீப்பிள்ஸ் பார்க்கில் சேமமடு பொத்தகசாலை. சிங்கள நூல்களுக்குப் பேர்பெற்ற மருதானை கொடகே சகோதரர்கள் தமிழ் நூல்களும் வெளியிடுகிறார்கள். 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பிற்காலத்தில் கொட்டாஞ்சேனை ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதை நடத்தி, மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் எத்தனையோ பேரின் நூல்களை வெளிக்கொணர்ந்தார். அப்படி வாசலைத் திறந்து வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பதே எழுத்தாளரின் முதல் வேலை.

● அந்த வாசலில் என்ன சொல்வது? "என் நாவலில் எல்லாம் இருக்கிறது" என்று சொன்னால் பதிப்பாளருக்கு ஒன்றும் விளங்காது. கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் பதினெட்டுக் கறி இருந்தாலும் இலையில் முதலில் விழுவது சோறு. உங்கள் நாவலில் சோறு எது? கொலை என்றால் அதை முதல் வரியில் சொல்லுங்கள்: யார் இறந்தார், யார் தேடுகிறார், தேடாவிட்டால் என்ன போகும்? மற்ற வகைகள் இரண்டாம் வரியில், அந்தத் தேடலை அவை எப்படிக் கடினமாக்குகின்றன என்பதோடு வரட்டும். பதிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் வகைப் பெயர்களை அடுக்க வேண்டாம். உங்கள் நாவலை விரும்பக்கூடிய வாசகர் ஏற்கெனவே வாசித்த தமிழ் நூல்கள் இரண்டைக் குறிப்பிடுங்கள். முதல் அத்தியாயத்திலேயே கலப்பு தெரிய வேண்டும். பேய் வரப்போகிறதென்றால் நூற்றைம்பதாம் பக்கத்தில் திடீரென்று வரக்கூடாது. அப்படி வந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். பதிப்பாளர் அதற்கு முன்பே மூடி வைத்திருப்பார்.

● நூலுக்கான சர்வதேச நியம இலக்கத்தை (ISBN) இலங்கையில் வழங்குவது கொழும்பு 7, சுதந்திர அவெனியூவில் உள்ள தேசிய நூலகம். 978க்கு அடுத்து 955 அல்லது 624 என்று இருந்தால் அது இலங்கைப் புத்தகம். சொந்தமாக வெளியிடும் எழுத்தாளரும் இந்த இலக்கத்தைப் பெறலாம். இது இல்லாமல் போட்ட நூலை வெளிநாட்டு நூலகமோ கடையோ பதிவுசெய்வது கடினம். விழா அழைப்பிதழ் அடிப்பதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

● நிறைவாக ஒரு வேண்டுகோள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காக்கும் 'நூலகம்' திட்டம் 2005 முதல் இயங்குகிறது. 'வீரகேசரி', 'மித்திரன்' தொடர்கதைகளை வெட்டி, நூலால் தைத்து வைத்த பழைய கட்டுகள் வெள்ளவத்தை மாடிவீடுகளிலும் கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளிலும் இன்னும் இருக்கின்றன. மர்மமும் காதலும் அரசியலும் கலந்து நம்மவர் எழுதியதற்கும், அதை நம்மவர் காசு கொடுத்து வாங்கியதற்கும் அவைதான் சாட்சி. வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், நூலகம் திட்டத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.